கட்டைவிரல் மோதிரம்

பிற்பகல் நாலரை மணி தாண்டினால் எங்கள் வீட்டு வளவில் வெயில் சரிந்து, கிழக்குப் பக்கத்துத் தேக்குத் தூண்களின் கால்மாட்டில் வந்து விழும். அந்த நேரம் பார்த்து ஆயா கூப்பிடுவார்.

"ஆத்தா, இங்கன வா. கையை நீட்டு."

இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்துப் பெட்டகத்தைத் திறந்து, உள்ளே ஒரு தகர டப்பாவை, டப்பாவுக்குள் பழம்பட்டுத் துணிச் சுருளைப் பிரிப்பார். மோதிரத்தை முதலில் வாயருகே கொண்டுபோய் ஒரு முறை ஊதுவார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். பிறகு வெள்ளைச் சேலை முந்தானையால் துடைத்து என் கட்டைவிரலில் மாட்டிவிடுவார். எனக்கு அப்போது எட்டு வயது. மற்ற விரல்களில் போட்டால் நழுவி விழுந்துவிடும். என் மணிக்கட்டைப் பிடித்து வெயிலுக்குள் இப்படியும் அப்படியும் திருப்புவார். நடுவில் இருந்த சிவப்புக்கல் உள்ளே தணல் வைத்த மாதிரி எரியும். சுற்றியிருந்த பத்து வைரங்களிலிருந்து பொடிப்பொடியாக வண்ணம் தெறித்துச் சுவரில் ஓடும். நான் அந்தப் பொட்டுகளைப் பிடிக்க ஓடுவதற்குள் ஆயா மோதிரத்தைக் கழற்றியிருப்பார். பட்டுத்துணி, டப்பா, பெட்டகம், சாவி. அவ்வளவுதான் அன்றைய விளையாட்டு.

அதை விளையாட்டு என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். ஆயாவின் புருஷன், எங்களுக்கு ஐயா, 1951ல் இறந்தார். நான் பிறந்தது 1954ல். நான் பார்த்த ஆயாவுக்குக் காதில் தோடு இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை. தன்னுடைய மோதிரத்தைத் தன் விரலில் போட்டுப் பார்க்கக்கூட அவருக்கு அந்த ஊரில் வழியில்லை. அதற்கு ஒரு விரல் தேவைப்பட்டது, என்னுடையது கிடைத்தது. இது புரிய எனக்கு நாற்பது வயதானது.

ஐயா ரங்கூனில் ஒரு கடையில் ஏஜெண்டாக இருந்தவர். கடை என்றால் லேவாதேவிக் கடை. சம்பளச்சீட்டு எழுதிக்கொண்டு கப்பல் ஏறினால் ஒரு கணக்கு என்பது மூன்று வருஷம். பெண்களை அழைத்துப் போகும் வழக்கம் இல்லை. கல்யாணமான ஆறாம் மாதம் போய், 1927ல் முதல் கணக்கை முடித்துத் திரும்பியபோது ஐயா கொண்டுவந்தது இந்த மோதிரம். செட்டிநாட்டுப் பெண்ணுக்குக் கழுத்துரு உண்டு, வைரத்தோடு உண்டு. புருஷன் தன் கையால் மோதிரம் வாங்கிவந்து கொடுப்பது அன்றைக்குப் புதுசு. ரங்கூனில் வெள்ளைக்காரத் துரைசானிகளின் கையில் பார்த்திருப்பாராக இருக்கும். அவர்களிடத்தில் சிவப்புக்கல்லுக்கு அன்பு என்று பொருள், வைரத்துக்கு அழியாதது என்று பொருள். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் சொல்ல வந்தது தானே விளங்கிவிடும். ஐயா அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லக்கூடியவர் இல்லை. "இதை வச்சுக்க" என்றுதான் கொடுத்தாராம்.

ஆயாவும் உடனே போட்டுக்கொள்ளவில்லை. வைரம் எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. காகபாதமோ புள்ளியோ ரேகையோ இருந்துவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். ஆகவே மூன்று இரவு சாமி அறை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். மூன்று நாளும் கெட்ட கனவு இல்லை, மாடு கன்று நன்றாக இருந்தது. நான்காம் நாள் விரலில் ஏறிய மோதிரம் 1951 வரை இறங்கவில்லை என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு.

இறங்கியது என்று தெரிய எனக்கு அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் முதலில் அந்தச் சிவப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பர்மாவில் மாந்தளைக்கு வடகிழக்கே மலைக்குள் இருக்கிறது மோகோக். உலகத்தின் மிகச் சிறந்த சிவப்புக்கற்கள் பல நூற்றாண்டுகளாக அந்தப் பள்ளத்தாக்கிலிருந்துதான் வந்தன. அங்கே கல் விளைந்தது சலவைக்கல் பாறையில். குரோமியம் கொஞ்சம் சேர்ந்தால் கல்லுக்குச் சிவப்பு வரும். இரும்பு கலந்தால் அந்தச் சிவப்பு மங்கும். சலவைக்கல்லில் இரும்பு மிகக் குறைவு. அதனால் மோகோக் கல் வெயிலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, அதையும் சிவப்பாகவே திருப்பித் தரும். விளக்கு வெளிச்சத்தில் அழகாக இருக்கிற கல், வெயிலில் உயிரோடு இருப்பதுபோல் தெரிவது இதனால்தான். ஆயாவுக்குக் குரோமியமும் தெரியாது, கதிரும் தெரியாது. ஆனால் விளக்கு வைத்த பிறகு அவர் அந்த டப்பாவை ஒருநாளும் திறந்ததில்லை.

ஐயா வாங்கிய காலத்தில் சிவப்புக்கல் வாங்குவது பயமான காரியம். பிரான்சில் வெர்னாயில் என்பவர் அலுமினாப் பொடியைத் தீச்சுடரில் உருக்கிச் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902ல் வெளியிட்டார். பத்து வருஷத்துக்குள் அந்தக் கல் எல்லா நாட்டுச் சந்தையிலும் கொட்டியது. 1889ல் லண்டனில் தொடங்கி மோகோக்கில் சுரங்கம் வெட்டிய பர்மா ரூபி மைன்ஸ் கம்பெனி 1920களில் நொடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஐயா மூன்று மாதம் அலைந்து, விவரம் தெரிந்த பர்மாக்காரக் கிழவர் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டித்தான் வாங்கினாராம். கல் ஒரு காரட்டுக்குக் கொஞ்சம் மேல். வைரங்கள் ஒவ்வொன்றும் பத்து சென்ட் இருக்கும். கையால் பட்டை தீட்டிய பழைய வெட்டு. இன்றைய வைரம் ஊசி ஊசியாக மின்னும்; அந்தப் பழைய வெட்டு பட்டை பட்டையாக, நிதானமாக ஒளிவிடும். எங்கள் பக்கத்துத் தோடுகளைப்போல் அடியை மூடிக் கட்டாமல், வெளிச்சம் புகுந்து வரும்படி பின்பக்கம் திறந்து கட்டிய மோதிரம் அது.

அந்த ஒரு காரட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்க எனக்கு மனமில்லை. அது வட்டிக்காசு. கீழ்ப் பர்மாவின் உழவர்கள் காட்டையும் சேற்றையும் நெல்வயலாக்க வாங்கிய கடனுக்குக் கட்டிய வட்டி. 1930ல் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, வயல் கைமாறியது. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938ல் அது 25 பங்கு. நிலத்தை இழந்தவன் வீட்டிலும் ஒரு பெண் இருந்திருப்பாள், அவள் விரலிலிருந்தும் ஏதோ ஒன்று கழன்றிருக்கும். அந்தச் சிவப்பைப் பார்க்கும்போது அவளும் என் நினைவுக்கு வருகிறாள். வரத்தான் வேண்டும்.

ஆயாவுக்கு அந்தக் கல் வேறு. "கண்ணகி சிலம்புக்குள்ள இருந்ததும் இதுதான்" என்பார். நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. அதனால் கோவலனைப் பக்கத்து வீட்டுக்காரனைப் பேசுவதுபோல் பேசுவார். "அவன் சிலம்பை விக்கக் கொண்டுபோயிருக்கக் கூடாது. கழட்டி விக்கிறதுக்கும் ஒரு சூதானம் வேணும்." இதை அவர் எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். எட்டு வயதில் இதில் என்ன புரியும்?

1941 டிசம்பர் 23ல் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் பர்மாவை விட்டுக் கிளம்பிய இந்தியர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் மலையேறி நடந்தார்கள். ஐயா கலேவா, தாமு வழியாக மணிப்பூருக்குள் நடந்தவர்களில் ஒருவர். வழியில் எத்தனை ஆயிரம் பேர் செத்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கே கிடையாது. ஊருக்கு வந்து சேர்ந்தபோது திண்ணையில் இருந்தவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. கையில் ஒரு துணிப்பை, உடம்பில் மலைக்காய்ச்சல். காய்ச்சலுக்குக் கொய்னா வேண்டும். கொய்னா மரப்பட்டை பெரும்பாலும் ஜாவாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. மார்ச் மாதம் ரங்கூன் விழுந்த அதே வாரத்தில் ஜாவாவும் ஜப்பான்காரன் கைக்குப் போயிருந்தது. மருந்து இருந்த இடத்தில் விலை எட்டவில்லை.

ஐயா பிழைத்தார். ஆனால் பழைய ஐயா இல்லை. பர்மாக் கணக்குப் பேரேடுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, வரவேண்டிய தொகையை நாள் முழுக்கக் கூட்டுவாராம். போர் முடிந்தது; பர்மாவுக்குச் சுதந்திரம் வந்தது; 1948ல் நிலத்தை அரசே எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. அதற்கப்புறமும் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். சாப்பாடு போட ஆயா இலைக்கருகில் குனியும்போது ஐயா அவர் கையைப் பார்ப்பாராம். "போனதெல்லாம் போகட்டும். இது ஒண்ணு முழுசா வந்துருச்சு." இதை அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் தினம் கேட்ட வாக்கியமாம்.

1970 வாக்கில் ஆயா மோதிரத்தை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா ஜாதகத்தோடு கொண்டுபோய் ஜோசியரிடம் காட்ட, அவர் பதறிவிட்டார். மாணிக்கம் சூரியன், வைரம் சுக்கிரன், இரண்டும் பகை, ஒரே மோதிரத்தில் போடவே கூடாது. கலங்கிப்போய் வந்த அம்மாவிடம் ஆயா கேட்டார்: "பகைன்னா ஒண்ணை ஒண்ணு இத்தனை வருசம் தாங்கியிருக்குமா? கூட இருந்தவளுக்குத் தெரியாததா அவருக்குத் தெரிஞ்சிருச்சு?" அம்மா அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் போட்டுக்கொண்டார். அம்மாவுக்குப் பின், 1998ல், அது என்னிடம் வந்தது.

2019ல் என் மகள் கல்யாணத்துக்கு அந்த மோதிரத்தைத்தான் போடுவேன் என்றாள். கல்லைப் பிடிக்கும் முனைகளில் ஒன்று தளர்ந்திருந்தது. காரைக்குடியில் மூன்று தலைமுறையாக எங்களுக்கு வேலை செய்யும் ஆசாரி வீட்டுக்குப் போனேன். லூப்பைக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மோதிரத்தை வாயருகே கொண்டுபோய் ஊதினார்.

"பாருங்க ஆச்சி."

பத்துக் கல்லும் ஒரு கணம் மூச்சுப் படிந்து மங்கின. ஏழு கற்கள் அந்தக் கணமே பளிச்சென்று தெளிந்தன. மூன்றில் மட்டும் மங்கல் அப்படியே நின்று, மெதுவாக, ஓரத்திலிருந்து கரைந்தது.

"வைரம் சூட்டை உடனே இழுத்துக்கும். அதுல மூச்சு நிக்காது. இந்த மூணும் வைரமில்ல ஆச்சி."

லூப்பை என்னிடம் கொடுத்தார். ஏழு கற்களில் பட்டைகளின் விளிம்பு கத்திமுனையாக இருந்தது. மூன்றில் விளிம்பெல்லாம் தேய்ந்து, உப்புக்கல் போல மழுங்கியிருந்தது. உள்ளே பார்த்தால் பின்பக்கத்துக் கோடுகள் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஜிர்கான் என்றார். அமெரிக்கன் டைமண்டாக இருந்தால் 1976க்குப் பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாமாம். அதற்குமுன் அந்தக் கல் சந்தையிலேயே இல்லை. இது பழைய கல், பழைய கை. கட்டியிருந்த விதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க தாத்தா வேலை மாதிரிதான் தெரியுது" என்றார். குரலில் சங்கடம் இருந்தது. ஆனாலும் மறைக்காமல் சொன்னார். பிறகு சின்ன ஊதாவிளக்கை எடுத்துச் சிவப்புக்கல்மேல் அடித்தார். அது தணலாக எழுந்தது. "செயற்கைக் கல்லும் இப்படி எரியும். ஆனா இதுக்குள்ள பட்டு நூல் ஓடுது, பாருங்க. சூடு காட்டாத பர்மாக் கல்." மெல்லிய ஊசிகளாக, சாம்பல் நிறத்தில், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு அந்த நூல்கள் கிடந்தன.

எனக்கு மனம் கல்லில் இல்லை. ஆயா ஊதியது நினைவுக்கு வந்துவிட்டது. துடைக்கத்தான் ஊதுகிறார் என்று நான் எண்ணியிருந்தேன். ஊதிவிட்டு ஏன் உடனே துடைக்கவில்லை, எதை உற்றுப் பார்த்தார் என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

"பழைய வெட்டுல மூணு கல் தேடிப் பிடிச்சுப் போட்டுரலாம்" என்றார் ஆசாரி. முனையை மட்டும் இறுக்கித் தரச் சொன்னேன்.

அங்கிருந்து நேரே பெரியாத்தாவிடம் போனேன். அம்மாவின் அக்கா, நான்கு வயது மூத்தவர். அப்போது அவருக்கு 91. கண் பார்வை போய்க்கொண்டிருந்தது, ஞாபகம் அப்படியே இருந்தது. மோதிரத்தைக் கையில் வைத்ததும் விரலால் தடவியே கண்டுகொண்டார். நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"உங்க ஆத்தாவுக்குத் தெரியாது. அவ சின்னப் பிள்ளை. எனக்குப் பதினாலு வயசு, நாந்தான் வாசல்ல காவல்."

அப்பச்சி, அதாவது ஐயா, காய்ச்சலில் கிடந்த மாதம் முதல் கல். கொய்னாவுக்கும் டாக்டருக்கும். அடுத்தது பெரியாத்தா கல்யாணத்துக்கு. மூன்றாவது அம்மா கல்யாணத்துக்கு இருக்கும் என்றார். மோதிரத்தையே விற்றிருக்கலாமே என்று கேட்டேன். வாங்கவும் ஆள் இருந்திருக்கும், மூன்று முறை பயந்து சாக வேண்டியதில்லை.

"எப்படி விக்கிறது? அப்பச்சி இலையில உக்காந்தா ஆத்தா கையைத்தானே பார்ப்பாக. அது ஒண்ணு முழுசா இருக்குங்கிற நினைப்புலதான் அவுக உசுரே நின்னுச்சு. சிவப்பை எடுத்தா தெரிஞ்சுபோகும். வைரத்துல ஒண்ணை எடுத்து வெள்ளைக்கல் வச்சா யாருக்குத் தெரியும்? ஆத்தா ஓரத்துக் கல்லாப் பார்த்துத்தான் எடுக்கச் சொல்லுவாக."

ஆசாரி ஊதுகுழலும் குறடும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வருவாராம். கல்லை எடுத்து வேறு கல் கட்டி முடிக்க அரை நாள் ஆகும். அந்த அரை நாள் ஆயாவின் விரல் வெறுமையாக இருக்கும். ஐயா கேட்டால் என்ன சொல்வது? கை நிறைய மாவு இருந்தால் மோதிரம் எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் அன்றைக்கெல்லாம் சீப்புச் சீடை. அரிசிக்கும் எண்ணெய்க்கும் அவ்வளவு தட்டுப்பாடான காலத்தில், தேங்காய்ப்பால் விட்டு மாவு பிசைந்து, ஒவ்வொன்றாகச் சுருட்டி, வேண்டுமென்றே மெதுவாகச் சுட்டிருக்கிறார். ஐயா முகப்பில் பேரேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அதைச் சாப்பிட்டிருக்கிறார். "இன்னைக்கு என்ன விசேசம்?" என்று கேட்பாராம். "உங்களுக்கு வாய்க்கு நல்லா இருக்கட்டும்னுதான்" என்பாராம் ஆயா.

ஐயாவுக்குக் கடைசிவரை தெரியாது. பிறகு அந்த மோதிரம் தகர டப்பாவுக்குள் போனது. யாரிடமும் மறைக்க வேண்டிய தேவை முடிந்தபின், அதைப் போட்டுக்கொள்ளும் உரிமையும் முடிந்துவிட்டது. என் கட்டைவிரலை வெயிலில் திருப்பித் திருப்பி அவர் பார்த்தது எதை? மூன்று வருஷம், மூன்று வருஷமாகக் கடலுக்கு அப்பால் போன ஒரு மனிதரையா, அவருக்காகப் பிசைந்த மாவையா? ஏழு வைரத்தைவிட அந்த மூன்று வெள்ளைக்கல்லைத்தான் அவர் ஊதிப் பார்த்தார் என்று நான் இப்போது உறுதியாக நம்புகிறேன். ஐயா கொடுத்தது பத்துக் கல் வைத்த ஒரு சொல். மூன்று கல் அவர் திருப்பிச் சொன்னது.

பெரியாத்தா மோதிரத்தைத் திருப்பித் தரவில்லை. உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"மூணுதானா? நல்லாப் பார்த்தானா அவன்?"

"பார்த்தார் பெரியாத்தா. மூணுதான்."

"சீடை நாலு தடவை சுட்ட ஞாபகம்ல எனக்கு."

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, விரல்களைத் தடவிப் பார்த்து, கட்டைவிரலில் மாட்ட முயன்றார். ஏறவில்லை. மோதிரவிரலில் மாட்டினார். கையை வாயருகே கொண்டுபோய், பல்லில்லாத வாயால், நீளமாக ஊதினார்.

"எனக்குக் கண்ணு தெரியலை. எண்ணிச் சொல்லு, ஆத்தா."